கிளெக்கின் துண்டு

சனிக்கிழமை ஆடினால் புதன்கிழமை வரைக்கும் கிளெக்கின் வலது முழங்கால் வீங்கிக் கிடக்கும். சில்லு இருக்கிற இடமே தெரியாது. பட்டறையில் உலைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே இரும்பை அராவுவான். வலிக்கிறதென்று வாய்விட்டுச் சொன்னதில்லை. மூக்கால் பலமாக மூச்சு விடுவான், அவ்வளவுதான். எனக்குச் சம்மட்டி அடித்து அடித்து வலது தோள் போயிருந்தது. காலையில் கையைத் தூக்கிச் சட்டை போட முடியாது. ஒரே போத்தல் தைலத்தை இரண்டு பேரும் பூசிக்கொண்டோம். அவன் காலுக்கு, நான் தோளுக்கு.

இலங்கை மலைநாட்டில், கம்பளையில் ஆற்றோரம் இருந்த பட்டறை அது. தேயிலைத் தொழிற்சாலைகளில் பழுதான இயந்திரங்கள் ரயிலிலும் லொறியிலும் வந்து இறங்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருசம் கிளெக் அங்கே இயந்திரப் பிட்டராக வந்து சேர்ந்தான். நாலு வருச ஒப்பந்தம். வெள்ளைக்காரன் என்பதால் நான் வழக்கம்போல "தொரை" என்றுதான் கூப்பிட்டேன். தமிழ் கொஞ்சம் பிடிபட்டதும் அவன் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சே அதைப்பற்றித்தான்.

"நான் தொரை இல்ல. தொரை குதிரையில வருவான். நான் சம்பளத்துக்கு வந்தவன்."

"அப்ப எப்புடிக் கூப்புடுறது?"

"கிளெக்."

"வெறும் கிளெக்கா?"

"வெறும் கிளெக். உன் பேருக்கு முன்னால என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லை. நான் வெறும் வீரய்யாதான். அன்றிலிருந்து அவன் எங்களுக்குக் கிளெக்கு.

வெயில் நாளில் சட்டையைக் கழற்றினால் அவன் முதுகெல்லாம் நீலநீலமாகக் கீறல் தெரியும். பதின்மூன்று வயதில் அப்பாவோடு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன். கல் கிழித்த காயத்துக்குள் கரித்தூள் போய், அப்படியே ஆறி, நீலமாக நின்றுவிட்டது. கொழுந்துக் கூடைக் கயிறு என் அம்மாவின் நெற்றியில் போட்டிருந்த பள்ளத்தை நான் அவனுக்குச் சொன்னேன். "அப்படியா" என்றான். அதற்கு மேல் பேசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இருபதாம் வயதில் அவனைச் சுரங்கத்திலிருந்து மேலே தூக்கியது பந்துதான். அவனுடைய ஊரில் ஒரு பெரிய கால்பந்துக் கழகம் அவனை எடுத்தது. அதன் பெயரைச் சொன்னால் கிளெக் துப்புவான். அதனால் நானும் சொல்லவில்லை. இரண்டாம் டிவிஷன், சென்டர் போர்வர்ட், எட்டு வருசம், நூற்றுப் பத்தொன்பது கோல். இந்த எண்ணிக்கையை அவன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். வாரத்துக்கு எட்டுப் பவுண் சம்பளம், ஆட்டம் இல்லாத மாதங்களில் ஆறு. அதற்கு மேல் எவனுக்கும் கொடுக்கக்கூடாதென்று அங்கே சட்டமே இருந்ததாம்.

"இருபத்தஞ்சில ஓப்சைட் சட்டத்தை மாத்தினாங்க. அதுக்கு முந்தி எனக்கு முன்னால எதிராளி மூணு பேர் நிக்கணும். பிறகு ரெண்டு பேர் போதும். அந்த வருசம் மட்டும் முப்பத்தொண்ணு போட்டேன்."

"அவ்வளவு ஓடுவியா?"

"யார் ஓடினது? ஓடுறது மத்தவன் வேலை. பந்து விழப்போற எடத்தில முன்னாடியே போய் நிக்கிறது என் வேலை."

அவன் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது பெருமைப் பேச்சில்லை என்று தெரியும். கம்பளைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை வெளியில் எங்களோடு இறங்கினான். பத்து நிமிடம் சும்மா நின்றான். பையன்கள் சிரித்தார்கள். பிறகு மூலையிலிருந்து ஒரு பந்து வந்தது. அதைத் தலையால் தட்டினான் என்றுகூடச் சொல்ல முடியாது, தலையைக் கொஞ்சம் திருப்பினான். பந்து உள்ளே கிடந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்களில் எவனுக்கும் சப்பாத்து இல்லை, வெறுங்கால்தான். எங்கள் விரல்களை மிதித்துவிடக் கூடாதென்று அவனும் ஆணி வைத்த பூட்ஸை விட்டுவிட்டுக் கான்வாஸ் சப்பாத்தோடு ஆடினான்.

எங்கள் கழகத்துக்குக் கேப்டன் லாபிர் நானா. கம்பளைக் கடைத்தெருவில் அவருடைய வாப்பாவுக்குப் புடவைக்கடை. செயலாளர் பாலேந்திரன், யாழ்ப்பாணத்துக்காரர், ரயில் நிலையத்தில் கிளார்க். நான் பின்னால் நின்று அடிக்கிறவன். முப்பத்துமூன்றாம் வருசம் தொடங்கும்போது மலைநாட்டுக் கிண்ணத்துக்குப் பெயர் கொடுத்திருந்தோம்; அதன் இறுதி ஆட்டம் கண்டியில், போகம்பரை மைதானத்தில் நடக்கும். அதற்கு முன்பு ஏழு தடவை கொடுத்து, ஏழு தடவையும் முதல் ஆட்டத்திலேயே வீட்டுக்கு வந்த கழகம் எங்களுடையது.

மாசி மாதம் ஒரு நாள் உலைக்குப் பக்கத்தில் தைலம் பூசும்போது கேட்டேன்.

"இவ்வளவு கோல் போட்டவனை ஏன் விட்டாங்க?"

"விடல" என்றான் கிளெக். "அதுதான் கதை."

இருபத்தெட்டில் முழங்கால் உள்ளே கிழிந்தது. கழகம் அவனுடைய சம்பளத்தைப் பாதியாக்கியது. வேறு கழகத்துக்குப் போகிறேன் என்றான். போ என்றார்கள். ஆனால் பெயரை விடுவிக்கிற தாள் அவர்கள் கையில். எடுக்கிற கழகம் அறுநூறு பவுண் கட்டினால்தான் தாள் கொடுப்பார்கள். நொண்டிக் காலுக்கு எவன் அறுநூறு கட்டுவான்? தாள் இல்லாமல் அவனை இறக்கினால் இறக்குகிற கழகத்துக்குத் தண்டனை. சம்பளமும் இல்லை, ஆட்டமும் இல்லை, விடுதலையும் இல்லை. கிளெக் பழைய பிட்டர் வேலையைத் தேடிக் கப்பலேறினான்.

எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"அது துண்டுய்யா" என்றேன்.

"என்ன துண்டு?"

தோட்டத்துப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் பெரிய கங்காணி ஒரு சீட்டுக் கொடுக்க வேண்டும். இந்த ஆளுடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டுகிறவன் ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் துண்டு. அது இல்லாத ஆளை எந்தத் தோட்டமும் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் நிறுத்தாது. என் அப்பா புசல்லாவையில் ஒரு தோட்டத்திலிருந்து துண்டு இல்லாமல் அடுத்த மலைக்குப் போனார். பதினோராம் நாள் வந்து பிடித்தார்கள். பதினான்கு நாள் மறியலில், சிறையில், போட்டார்கள். திரும்பி வந்தபோது தாடியெல்லாம் பேன். இருபத்தொன்றாம் வருசம் சட்டம் வந்து துண்டை ஒழித்தது. சட்டம்தான் ஒழித்தது, பயம் எங்கேயும் போகவில்லை.

கிளெக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "அப்ப நான் வெள்ளைக்காரக் கூலி" என்றான்.

நான் சிரிக்கவில்லை. துண்டு இல்லாத ஆளோடு கண்டிக்குப் போகப் போகிறோம் என்பதுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று மாலையே ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாலேந்திரனைப் பிடித்தேன்.

"ஐயா, நம்ம கிளெக்குக்குத் துண்டு எடுக்கணும். இல்லாட்டி ஒரு நாளைக்கு நடு ஆட்டத்தில வந்து புடிச்சிருவாங்க."

பாலேந்திரன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். விதிப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். "சம்பளத்துக்கு விளையாடுற ஆள் கூடாதெண்டுதான் விதி. இவர் முந்தி வாங்கினவர், இப்ப வாங்கேல்லை. பென்சன் எடுத்த தபால்காரன் தபால் குடுக்கிறவனே? ஆனா நீர் சொல்லுறதும் சரிதான். விடுதலைக் கடிதம் ஒண்டு கையில இருந்தா ஒருத்தரும் வாய் திறக்கேலாது. எழுதுறன்."

"கிளெக்குக்குச் சொல்லணுமா?"

"வந்த பிறகு சொல்லுவம்."

கடிதம் கப்பலேறியது. நாங்கள் ஆடினோம். மூன்று மாதத்தில் நாலு ஆட்டம், நாலும் வெற்றி, கிளெக் மட்டும் ஒன்பது கோல். மாத்தளையில் எதிரணியின் கோல் காக்கிறவன், மூன்றாவது பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து கிளெக்கின் கையிலேயே கொடுத்தான். "நீயே வச்சிக்க" என்றான் சிங்களத்தில். திரும்பி வரும் ரயிலில் கிளெக் முழங்காலுக்கு ஈரத்துணி சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"கால் இன்னும் எத்தனை ஆட்டம் தாங்கும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணு" என்றான். "போகம்பரையில. கயிறு கட்டி, டிக்கட் வித்து, கிண்ணம் மேசையில வச்சு ஒரு ஆட்டம். அது போதும். அதுக்குப் பிறகு இந்தக் காலை நாய்க்குப் போடு."

அதைத்தான் அவன் கேட்டான். வேறு எதையும் அவன் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இறுதி ஆட்டம் ஜூன் இரண்டாம் சனிக்கிழமை, தோட்டத் துரைமார் அணியோடு. அந்த அணிக்காரர்கள் கிளெக்கைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். கிண்ணத்தை நடத்துகிற கொமிட்டி அவனுடைய பத்திரங்களை வியாழக்கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னது. திங்கட்கிழமை இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. லாபிர் நானாவின் கடையில், புடவைக் கட்டுகளுக்கு நடுவில் நின்று பாலேந்திரன் அதை வாசித்துத் தமிழில் சொன்னார்.

"ஆர்தர் கிளெக் இன்னும் எங்களிடம் பதியப்பட்ட, சம்பளத்துக்கு ஆடுகிற ஆட்டக்காரன். விலை நானூறு பவுண். கட்டும்வரை எந்தக் கழகத்துக்கும் ஆட நாங்கள் சம்மதிக்கவில்லை."

லாபிர் நானாதான் முதலில் கதைத்தார்.

"கேக்காம ஈந்தா அவன் பழைய ஆட்டக்காரன். கேட்டதால இப்பவும் சம்பள ஆட்டக்காரன். எந்த மடையன் எழுதச் சொன்ன?"

நான் வாயைத் திறந்தேன். பாலேந்திரன் முந்திக்கொண்டார். "நான்தான் எழுதினனான். என்ர பிழை."

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அது வெட்கக்கேடு. அன்றைக்கு மூடிக்கொண்டேன்.

"கிழிங்க அத" என்றார் லாபிர் நானா. "தபால் வரல்ல. கப்பல் முங்கிப்போச்சி."

"கொமிட்டி கேட்டா நான் பொய் சொல்லமாட்டன், லாபிர்."

"நீங்க சொல்ல வாணாம். நான் சொல்றன். எனக்குப் புடவ விக்கிற வாய் ஈக்கிது."

அந்த நேரம் கிளெக் வந்தான். பட்டறைக் கரியோடு வந்து, எங்கள் முகத்தைப் பார்த்து, கையை நீட்டினான். பாலேந்திரன் கொடுத்தார். நின்றபடி வாசித்தான். அவன் கத்துவான் என்று நினைத்தேன். காகிதத்தை விரலால் தட்டினான்.

"நானூறு" என்றான். "வீரய்யா, முப்பத்துநாலு வயசு, ஒரு கால். இன்னும் நானூறு பவுண் விலை போறேன்."

"அது பெருமையா?" என்றேன்.

"இந்தக் கடையில உள்ள புடவை எல்லாம் சேர்த்தா நானூறு வருமா, லாபிர்?"

"பக்கத்தில ஈக்கிற பேக்கரியையும் சேத்தாலும் வராது" என்றார் லாபிர் நானா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"கிழிச்சிருவமா?" என்று நான் கேட்டேன். அவன் ஆமென்று சொல்ல வேண்டுமென்று வேண்டிக்கொண்டுதான் கேட்டேன்.

கிளெக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டான். "வேண்டாம். வாங்கின சம்பளத்தை நான் ஒருநாளும் மறைச்சதில்ல. உழைச்சு வாங்கினேன். கடிதத்தை நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

வியாழக்கிழமை நாலு பேரும் கண்டிக்கு ரயிலேறினோம். போகம்பரை மைதானத்துப் பவிலியனில் கொமிட்டி உட்கார்ந்திருந்தது. மூன்று பேர். தலைவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர், வெள்ளைக்காரர். என்னை வாசலில் நிற்கச் சொன்னார்கள், அங்கேயே நின்றேன். அவர்கள் பேசிய இங்கிலீஷைப் பாலேந்திரன் என் பக்கத்தில் நின்று வாய்க்குள் தமிழாக்கி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேப்டன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். விதி தெளிவு, சம்பளத்துக்கு ஆடுகிறவன் இந்தக் கிண்ணத்தில் இறங்க முடியாது என்றார்.

"அஞ்சு வருசமா ஒரு பென்னிகூட வாங்கவில்லை" என்றான் கிளெக்.

"ஆனால் பத்திரத்தின்படி நீ அவர்களுடைய ஆள்."

"அப்படியானால் அஞ்சு வருசச் சம்பளம் எங்கே?"

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கேப்டன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேசையைப் பார்த்தார். கிளெக் திரும்பி, "வீரய்யா, கங்காணி அரிசி குடுக்கிறதைச் சொல்லு" என்றான்.

வாசலில் நின்றபடியே சொன்னேன். "எங்க கங்காணி கெட்டவந்தாங்க. ஆனா துண்டு அவன் கையில இருக்கிறவரைக்கும் செக்ரோல் புத்தகத்துல எங்க பேரு இருக்கும். பேரு இருந்தா அரிசி குடுத்தான். பேரை மட்டும் வச்சிக்கிட்டு அரிசியை நிறுத்துற கங்காணியை நான் பாத்ததில்லங்க."

பாலேந்திரன் அதை இங்கிலீஷில் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கேப்டன் பேனாவைக் கீழே வைத்தார்.

"அநியாயம்தான்" என்றார். "நான் எழுதின விதி இல்லை. ஆனால் இருக்கிற விதி. மிஸ்டர் கிளெக் ஆட முடியாது. அவர் ஆடின பழைய ஆட்டங்களை நான் தோண்டப் போவதில்லை. உங்கள் கழகம் ஆடலாம்."

வெளியே வந்ததும் லாபிர் நானா, நாங்களும் இறங்கப் போவதில்லை என்றார். கிளெக் அவருடைய சட்டையைப் பிடித்தான். உண்மையாகவே பிடித்தான், பொத்தான் ஒன்று போய்விட்டது.

"இறங்காமல் போனா அவங்க கிண்ணத்தைச் சும்மா எடுத்துக்கிட்டுப் போவாங்க. என் ஒன்பது கோலும் குப்பை. இறங்கு. ஹபீலை நடுவில போடு. அவனுக்கு மூளை இல்ல, ஆனா பயமும் இல்ல."

ஹபீல் சந்தையில் சவர்க்காரம் விற்கிறவன், எங்கள் இடது பக்கத்து ஆட்டக்காரன். பிறகு இதைக் கேட்டபோது, "மூள ஈந்தா சவுக்காரம் விப்பனா" என்றான்.

சனிக்கிழமை பின்னேரம் தூறல். மைதானம் வழுக்கியது. கம்பளையிலிருந்து ஒரு ரயில் பெட்டி நிறைய ஆள் வந்திருந்தது, கடைக்காரர்கள், பட்டறைக்காரர்கள், தோட்டத்திலிருந்து எப்படியோ லீவு எடுத்த சனம். துரைமார் பதினொரு பேரும் பூட்ஸ். நாங்கள் வெறுங்கால். முதல் பாதியில் என் இடது பெருவிரல் நகம் போனது. அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நல்ல கோல், குறை சொல்ல முடியாது.

கிளெக் கயிற்றுக்கு வெளியே, என்னுடைய பக்கத்தில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றான். மனம் உடைந்து நின்றான் என்று எழுதினால் பொய். தொண்ணூறு நிமிடமும் கத்தினான். துரைமாருக்குப் பின்னால் நின்று தடுத்த நடு பெக்கைப் பார்த்து அவர்களுடைய பாசையிலேயே என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆளின் காது சிவந்துபோய், இரண்டு தடவை பந்தைப் பார்க்காமல் கிளெக்கைப் பார்த்தான். அப்படிப் பார்த்த இரண்டாவது தடவைதான் லாபிர் நானா பந்தைப் பறித்து அடித்தார். ஒன்றுக்கு ஒன்று.

முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது மூலைப் பந்து ஒன்று கிடைத்தது. ஹபீல் குதித்தான், வழுக்கினான், விழுந்தான். பந்து, விழுந்து கிடந்தவனுடைய முதுகில் பட்டு உள்ளே போனது. அவனுக்கே தெரியாது. நாங்கள் மேலே விழுந்து கட்டிப்பிடித்தபோது, அடிக்கிறோமென்று நினைத்துக் கையால் தலையை மறைத்தான்.

இரண்டுக்கு ஒன்று. எட்டாவது தடவையில் மலைநாட்டுக் கிண்ணம் கம்பளைக்கு.

கொமிட்டிக் கேப்டன் கிண்ணத்தைக் கொடுத்தார். லாபிர் நானா அதை நேராகக் கயிற்றடிக்குக் கொண்டுபோய்க் கிளெக்கிடம் நீட்டினார். கிளெக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் ஆடவில்லை. ஆடினவன் பிடிக்கட்டும்" என்றான். சொல்லிவிட்டு ஹபீலைத் தேடிப் போய் அவனுடைய முதுகில் ஒரு அடி போட்டான். "இதுதான் கோல் போட்ட இடம். கழுவாதே."

சனம் ரயிலுக்குக் கிளம்பியது. கிளெக் நொண்டிக்கொண்டு வந்தான். நானும் நகம் போன காலோடு நொண்டிக்கொண்டு போனேன். ஸ்டேசனுக்குப் போகும் வளைவில் வைத்துச் சொன்னேன்.

"கிளெக்கு, அந்தக் கடிதத்த எழுதச் சொன்னது நான்."

"பாலேந்திரன் எழுதினார்."

"எழுதினது அவரு. சொன்னது நான். துண்டு இல்லாம ஒன்னைப் புடிச்சிருவாங்கன்னு பயந்தேன். நான் சும்மா இருந்திருந்தா இன்னிக்கு நீ ஆடியிருப்ப."

அவன் நின்றான். மூக்கால் மூச்சு விட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"உன் அப்பாவைப் பிடிச்ச மாதிரி" என்றான்.

"ஆமா."

"என்னைக் காப்பாத்த."

"ஆமா."

"மடையன்."

"ஆமா."

நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் என்னுடைய நல்ல தோளில் கையை ஊன்றிக்கொண்டான். பாரம் முழுவதும் என்மேல் இருந்தது. "மன்னிக்கிறேன்னு சொல்லமாட்டேன்" என்றான். "மன்னிச்சா கணக்கு முடிஞ்சிரும். முடிக்கக்கூடாது. நீ எனக்கு ஒரு ஆட்டம் தரணும்."

"தர்றேன்."

"போகம்பரையில. கயிறு கட்டி."

"தர்றேன்யா."

செப்டம்பரில் அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. பட்டறை புதுப்பித்துக் கொடுத்தது, அவனும் இருந்துவிட்டான். ஆனால் அதற்குள் முழங்கால் முழுதாக இறுகிவிட்டது. கண்டியில் டொக்டர் பார்த்துவிட்டு, நடக்கலாம், ஓடினால் பிறகு கம்பு ஊன்ற வேண்டியதுதான் என்றார். "நான் எப்ப ஓடினேன்?" என்று கிளெக் அவரிடமே கேட்டான். இன்றைக்கும் பெட்டியில் காலை நீட்டிக்கொண்டு இரும்பு அராவுகிறான். மார்ச் மாதம் அடுத்த கிண்ணத்துக்குப் பாலேந்திரன் பெயர்ப் பட்டியல் எழுதினார். கிளெக்கை ஒரு தடவை இறங்க விடச் சொல்லி, கொமிட்டிக் கேப்டனுக்குத் தனியாக ஒரு விண்ணப்பமும் எழுதினார். பதில் இன்னும் வரவில்லை.

ஆர்தர் கிளெக்குக்கு நான் தர வேண்டியது ஒரு ஆட்டம். போகம்பரையில், தொண்ணூறு நிமிடம், சென்டர் போர்வர்ட். இதுவரைக்கும் கொடுக்கவில்லை.